களிமண்ணின் இயல்பு கண்ட கார்ல் தெர்ஸாகி

மாடமாளிகைகளையும் கூடகோபுரங்களையும் நீண்ட பாலங்களையும் கண்டு வியப்போர் பலர். அவற்றையெல்லாம் தாங்கிக்கொண்டு கண்ணுக்குப் புலப்படாமற் கிடக்கும் மண்ணை நினைப்போர் சிலரே. கல் எவ்வளவு பாரந் தாங்கும், இரும்பு எவ்வளவு வளைந்து முறியும் என்பவற்றைக் கணக்கிட்டு அறிந்திருந்த மேனாட்டு எஞ்சினீயர்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஈரக் களிமண்ணைக் குறித்து நம்பத்தக்க கணக்கு யாதும் இல்லாதவராகவே இருந்தனர். களிமண்மேல் எழுப்பிய கட்டடம் முடிந்த அன்று நிமிர்ந்து நிற்கும். ஐந்தாண்டு சென்றபின் சுவர் வெடிக்கும். இருபதாண்டு சென்றபின் ஒரு பக்கம் சாயும். மேலே வைத்த பாரமோ சிறிதும் கூடவில்லை. அங்ஙனமிருக்க, மண் ஏன் இத்தனை ஆண்டுகள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கவேண்டும்? இவ்வினாவிற்கு அனுபவசாலிகளிடம் ஊகம் இருந்தது, விடை இல்லை.

நீரை உட்கொண்டு வீங்கி நிற்கும் ஒரு திண்பொருள் அழுத்தப்படுங்கால் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை அளந்து, அதற்கு ஒரு கணித விதியும் வகுத்து, இவ்வினாவைத் தீர்த்தவர் டாக்டர் கார்ல் தெர்ஸாகி என்னும் ஆஸ்திரிய அறிஞர். மண் விசையியல் என்னும் புதிய சாஸ்திரத்தின் தந்தையென உலகம் அவரைப் போற்றுகின்றது. அவர் இவ்வுண்மையைக் கண்டது பேர்பெற்ற ஐரோப்பிய சர்வகலாசாலை ஒன்றில் அன்று. துருக்கி நாட்டில் ஒரு மிஷனெரியாரின் முயற்சியால் எழுந்த கலாசாலை ஒன்றில், கையிற் பொருளும் கருவியும் இல்லாத காலத்தில். ஆதலின் அவர் சரித்திரம் நம் போன்ற கலாசாலைகளிற் பயில்வோர்க்கும் கற்பிப்போர்க்கும் நெருங்கிய உறவுடையது. அதிற் பெருமைக்குரிய பகுதியும் உண்டு. வருந்துதற்குரிய பகுதியும் உண்டு. இரண்டனையும் மறையாது உரைப்பதே முறையாகும்.

இளமையும் கல்வியும்

கார்ல் தெர்ஸாகி 1883-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 2-ஆம் தேதி, அக்காலத்தில் ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த பிராக் நகரிற் பிறந்தார். தந்தையார் படைத்தலைவர். அவர் உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்றபின் குடும்பம் கிராஸ் என்னும் நகரிற் குடியேறிற்று. படைவீரர் மரபில் வந்த பிள்ளையாதலின், பத்து வயதிலேயே கார்ல் பட்டாளப் பள்ளிக்கு அனுப்பப்பெற்றார். ஆங்கு அவர் மனத்தைக் கவர்ந்தவை போர்ப் பயிற்சிகள் அல்ல. வான நூலும் பூகோளமுமே. பட்டாள வாழ்க்கை தமக்கு உரியதன்று என்று தெளிந்து, 1900-இல் கிராஸ் நகரத்துத் தொழில்நுட்பக் கலாசாலையில் இயந்திர எஞ்சினீயரிங் மாணவராகச் சேர்ந்தார்.

மாணவப் பருவத்தில் அவர் அடக்கமே உருவாக இருந்தார் என்று சொல்லுதற்கில்லை. வகுப்புக்களைக் காட்டிலும் கேளிக்கைகளிற் காலம் போக்கினார். ஒருகால் கலாசாலையினின்றும் நீக்கப்படும் நிலைமைக்கும் உள்ளானார். விசைநூற் பேராசிரியராகிய விட்டன்பவர் என்பார் அவ்விளைஞரின் உள்ளொளியைக் கண்டு அவருக்காகப் பரிந்து பேசித் தடுத்துக் காத்தார். அப்பேராசிரியர் அன்று வாளாவிருந்திருப்பின் ஒரு பெரிய சாஸ்திரத்தின் பிறப்பு எத்தனை ஆண்டுகள் தாழ்ந்திருக்குமோ! 1904-இல் தெர்ஸாகி பட்டம் பெற்று வெளிவந்தார். அதற்குள் இயந்திரங்களின்மீது அவருக்கிருந்த ஆர்வம் குன்றி, பூமியின் அமைப்பைக் கூறும் நூலின்மீது பெருவேட்கை எழுந்துவிட்டது. கட்டாயப் படைச்சேவை புரிந்த ஓராண்டில், ஆர்ச்சிபால்ட் கைக்கி என்னும் பிரிட்டிஷ் அறிஞர் பூகர்ப்ப ஆராய்ச்சியைக் குறித்து எழுதிய நூலை அவர் ஜெர்மன் மொழியிற் பெயர்த்தார்.

தேடலும் ஏமாற்றமும்

பின்னர் அவர் வீயன்னா நகரத்துக் கட்டட நிறுவனம் ஒன்றில் அமர்ந்து, பல இடங்களில் வேலை செய்தார். குரோவேஷியாவின் சுண்ணாம்புக்கல் மலைப்பிரதேசத்தில் ஓர் ஆற்றின் நீரினின்று மின்சாரம் எடுக்கும் திட்டத்திற்காக நிலத்தை ஆராய்ந்தார். ருஷியாவிலும் கட்டட வேலைகளை நடத்தினார். சென்ற இடமெல்லாம் அவர் கண்ட காட்சி ஒன்றே. மேலெழும் கட்டடத்தைக் கணக்கிட்டுக் கட்டுவர். அஸ்திவாரத்தின்கீழ்க் கிடக்கும் மண்ணை மட்டும் நம்பிக்கையாற் கடப்பர். அணைகள் உடைந்தபோதும் சுவர்கள் சரிந்தபோதும் அவற்றின் காரணம் சொல்வாரைக் காணோம்.

1912-இல் டாக்டர் பட்டம் பெற்ற அவர், அவ்வாண்டிலேயே தம் செலவில் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் சென்றார். அந்நாட்டின் மேற்குப் பகுதியில் அப்போது பெரிய அணைகள் பல எழுந்துகொண்டிருந்தன. ஒவ்வோர் அணையின் அடிநிலம் எத்தகையது, கட்டியபின் அது எவ்வாறு நடந்தது என்று தொகுத்தால், அத்தொகுப்பினின்று ஒரு பொதுவிதி தானே வெளிப்படும் என்பது அவர் எண்ணம். ஏறக்குறைய இரண்டாண்டு அலைந்து குறிப்புக்கள் திரட்டினார். இடையிற் கைப்பொருள் கரைந்தமையாற் கூலிவேலையும் செய்தார். முடிவில் அக்குறிப்புக்களை ஒப்புநோக்கியபோது அவர் எதிர்பார்த்த விதி ஒன்றும் தோன்றவில்லை. ஒரே பெயரால் வழங்கிய களிமண் ஓரிடத்திற் பாறைபோல் நின்றது. மற்றோரிடத்திற் கூழ்போல் நெகிழ்ந்தது. மண்ணுக்கு வழங்கும் பெயர் அதன் வலிமையைக் காட்டாது. அதன் குணங்களை எண்களால் அளந்தாலன்றி முன்னேற வழியில்லை என்பது அப்போதே அவர்க்குப் புலனாயிற்று. ஏமாற்றத்துடன் தாய்நாடு திரும்பினார். எனினும் அவ்வேமாற்றமே பின்வந்த வெற்றிக்கு வாயிலாயிற்று.

பாஸ்பொரஸ் கரையில்

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. தெர்ஸாகி படையிற் சேர்ந்து பணியாற்றினார். 1916-இல், கிராஸ் கலாசாலையில் நீரியக்க நூற் பேராசிரியராயிருந்த பிலிப் ஃபார்ச்ஹைமர் என்பாரின் முயற்சியால், துருக்கித் தலைநகரில் அரசாங்க எஞ்சினீயரிங் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். இந்நாளில் இஸ்தான்புல் என வழங்கும் கான்ஸ்டாண்டிநோபிளே அந்நகர். ஈராண்டு சென்றபின் போரில் துருக்கியும் ஆஸ்திரியாவும் தோல்வியுற்றன. தெர்ஸாகியின் பதவி போயிற்று. அவர் பிறந்த சாம்ராஜ்யமே சிதைந்து மறைந்தது. அயல்நாட்டில், தோற்றவர் இனத்தைச் சேர்ந்தவராய், எதிர்காலம் தெரியாது நின்றார்.

அந்நகரில், பாஸ்பொரஸ் ஜலசந்தியை நோக்கிய ஒரு குன்றின்மேல் ராபர்ட் கலாசாலை என்றொரு கலாசாலை இருந்தது. சைரஸ் ஹாம்லின் என்னும் அமெரிக்க மிஷனெரியாரின் உழைப்பாலும், கிறிஸ்டோபர் ராபர்ட் என்னும் நியூயார்க் வணிகரின் பொருளுதவியாலும் 1863-இல் நிறுவப்பெற்றது அது. அக்கலாசாலை தெர்ஸாகிக்கு ஆசிரியர் பதவி அளித்தது. சம்பளம் சொற்பம், கற்பிக்கவேண்டிய பாடங்களோ பல. ஆயினும் ஓய்வு நேரமும், ஓர் அறையும், தொல்லை செய்யாத சூழ்நிலையும் அவர்க்குக் கிடைத்தன. ஆராய்ச்சியாளனுக்கு இவற்றினும் பெரிய கொடை வேறு யாது?

தாம் செய்யவேண்டிய பரிசோதனைகளையெல்லாம் அவர் ஒரே தாளில் வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டார். விலையுயர்ந்த கருவிகள் வாங்க வழியில்லை. பழைய சுருட்டுப்பெட்டிகளையும், கலாசாலையிற் கழித்தெறிந்த பொருள்களையும் கொண்டு தாமே கருவிகள் சமைத்தார். மணலைப் பெட்டியில் நிரப்பி அதன் பக்க அழுத்தத்தை அளந்தார். பின்னர் ஈரக் களிமண்ணை ஒரு வளையத்துள் அடைத்து, மேலும் கீழும் நீர் கசிந்து போகத்தக்க வழி வைத்து, அதன்மேற் பாரம் ஏற்றி, அது எவ்வளவு அமுங்குகிறது, எவ்வளவு நேரத்தில் அமுங்குகிறது என்று இரவும் பகலும் குறித்துவந்தார். இங்ஙனம் ஆண்டுகள் பல கழிந்தன.

களிமண் உணர்த்திய உண்மை

அவர் கண்டதைச் சுருக்கமாக விளக்குவாம். ஈரக் களிமண் என்பது ஒரு பொருளன்று. இரண்டு பொருள்களின் கூட்டு. நுண்ணிய மண்துகள்கள் ஒன்றையொன்று தாங்கி, நெகிழ்ந்து மீளும் இயல்புடைய ஒரு கட்டுக்கோப்பாக அமைந்திருக்கின்றன. அக்கட்டுக்கோப்பின் இடைவெளிகளை நீர் நிரப்பி நிற்கின்றது. நீர் எளிதில் ஓடும். ஆனால் அமுக்கினாற் சுருங்குவது மிக மிகச் சொற்பம். மண்துகளும் அவ்வாறே தானாகச் சுருங்குவதில்லை. ஆதலின் களிமண் அமுங்கவேண்டுமாயின், துகள்கள் நெருங்குதற்கு இடங்கொடுத்து உள்ளிருக்கும் நீர் வெளியேறவேண்டும். வெளியேறும் வழிகளோ கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள்; அவற்றில் நீர் ஊர்ந்தே செல்லக்கூடும்.

இதனை விளங்கவைக்க அவர் ஓர் உவமை கையாண்டார். நீர் நிறைந்த ஓர் உருளைப் பாத்திரத்துள் ஒரு சுருள்வில்லை நிறுத்தி, அதன்மேற் பாத்திரத்தோடு பொருந்திய ஒரு மூடியை வைப்போமாக. மூடியில் ஊசித்துளை ஒன்று இருக்கட்டும். மூடியின்மேல் நூறு பவுண்டு எடையை ஏற்றினால் யாது நிகழும்? ஏற்றிய கணத்தில் வில் சிறிதும் சுருங்குவதில்லை. எடை முழுவதையும் நீரே தாங்கும். பின்னர் அழுத்தப்பட்ட நீர் துளைவழியே சிறிது சிறிதாகக் கசியும். கசியுந்தோறும் மூடி இறங்கும். இறங்குந்தோறும் வில் சுருங்கித் தன் பங்கை ஏற்கும். இறுதியில் நூறு பவுண்டையும் வில்லே தாங்கி நிற்க, நீரின் மிகை அமுக்கம் ஒழியும். வில் என்பது மண்துகட் கட்டுக்கோப்பு. ஊசித்துளை என்பது களிமண்ணின் நுண்வழி. பாரம் விழுந்தவுடன் அதனைத் தாங்குவது நீர். நிலைத்து நின்று தாங்குவது மண்.

இதனின்றும் இரண்டு உண்மைகள் பெறப்பட்டன. ஒன்று: களிமண்ணின்மேல் உள்ள மொத்த அழுத்தத்தினின்று நீரின் அமுக்கத்தைக் கழித்தால் எஞ்சி நிற்பதே துகட் கட்டுக்கோப்பு தாங்கும் அழுத்தம். மண் அமுங்குவதும், வலுப்பெறுவதும், சறுக்குவதும் அவ்வெஞ்சிய அழுத்தத்தைப் பொறுத்தனவேயன்றி மொத்த அழுத்தத்தைப் பொறுத்தன அல்ல. பெருமழையில் மலைச்சரிவுகள் ஏன் சரிகின்றன என்பது இதனால் விளங்கும். நிலத்துள் நீரின் அமுக்கம் மிகுந்து மேற்பாரத்தின் ஒரு பகுதியைத் தானே தாங்கிவிடுகின்றது, துகளோடு துகள் அழுந்திப் பற்றிய பிடி தளர்கின்றது, சரிவு நழுவுகின்றது.

மற்றொன்று காலத்தைப் பற்றியது. நுண்பொருள்களினூடே நீர் ஓடும் விதியைப் பிரான்ஸ் தேசத்து எஞ்சினீயர் ஹென்றி டார்ஸி 1856-லேயே வெளியிட்டிருந்தார். அவ்விதியையும், களிமண் அழுத்தத்திற்கேற்பச் சுருங்கும் அளவையும் தெர்ஸாகி ஒன்றாக இணைத்தார். இணைத்தபோது கிடைத்த சமன்பாடு, இரும்புக்கோலில் வெப்பம் பரவுதலைக் காட்டும் சமன்பாட்டையே வடிவில் ஒத்திருந்தது. வெப்பம் பரவுங் கணக்கைக் கணித வல்லுநர் முன்னமே நன்கு ஆராய்ந்திருந்தமையின், களிமண்ணின் கணக்கும் உடனே கைவந்தது. அக்கணக்கின்படி, களிமண் அடுக்கின் கனம் இரட்டித்தால் அமுங்குங் காலம் நான்கு மடங்காகும். பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகும். ஆராய்ச்சிச் சாலையில் இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள ஒரு துண்டு ஒரு மணி நேரத்தில் அமுங்குகின்ற அளவுக்கு, அதே மண்ணாலான நான்கு மீட்டர் கனமுள்ள நிலவடுக்கு, மேலும் கீழும் நீர் வடியுமாயினும், நாற்பதினாயிரம் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அஃதாவது ஏறக்குறைய நாலரை ஆண்டு. கட்டி முடித்த மாளிகை ஆண்டுக்கணக்காக இறங்கும் மர்மம் இங்ஙனம் வெளியாயிற்று. உள்ளங்கையில் அடங்கும் ஒரு மண்துண்டைக்கொண்டு, இனி எழப்போகும் கட்டடத்தின் வருங்காலத்தை முன்கூட்டிச் சொல்லும் ஆற்றல் மனிதனுக்குக் கிட்டிற்று.

பாரத்தை எடுத்துவிட்டாலோ இச்செயல் எதிர்முகமாக நடக்கும். கட்டுக்கோப்பு விரியும், நீர் உள்ளே இழுக்கப்படும், மண் வீங்கும். நீருண்டு வீங்கும் பிற பொருள்களையும் தெர்ஸாகி இவ்வாறே நோக்கினார். ஜெலட்டின் என்னும் பசைப்பொருள் வீங்குதலைக் குறித்தும் 1926-இல் ஒரு கட்டுரை வரைந்தார்.

புகழ்

இச்சமன்பாட்டை அவர் 1923-இல் வீயன்னா விஞ்ஞானக் கழகத்தின் வெளியீட்டில் பிரசுரித்தார். 1925-இல் தம் ஆராய்ச்சி முழுவதையும் திரட்டி, மண்ணின் பௌதிகத்தை அடிப்படையாகக்கொண்ட மண்வேலை விசைநூல் என்னும் பொருளுடைய பெருநூலை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். மண் விசையியலின் பிறந்தநாள் அந்நூல் வெளிவந்த நாளே என்று கொள்வது வழக்கம். அவ்வாண்டிலேயே மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலை அவரை அமெரிக்காவிற்கு அழைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குமுன் வெறுங்கையோடு விட்டகன்ற நாட்டிற்கு ஆசானாக மீண்டார். ஆர்தர் காஸகிராண்டே என்னும் இளைஞர் ஆங்கு அவர்க்கு உதவியாளராக வந்துசேர்ந்து, பிற்காலத்தில் அச்சாஸ்திரத்தின் பெருந்தூண்களில் ஒருவரானார்.

1929-இல் தெர்ஸாகி வீயன்னாத் தொழில்நுட்பக் கலாசாலையிற் பேராசிரியராக அமர்ந்தார். அடுத்த ஆண்டு, பூகர்ப்ப சாஸ்திரம் கற்றவராகிய ரூத் டாகெட் என்னும் அமெரிக்க மாதரை மணந்தார். கணவரின் ஆராய்ச்சிகளிலும் எழுத்திலும் அவ்வம்மையார் இறுதிவரை துணையாயிருந்தார். 1936 ஜூன் மாதத்தில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் மண் விசையியலுக்கென முதலாவது அகில உலக மகாநாடு கூடியபோது, தெர்ஸாகியே அதற்குத் தலைவராக விளங்கினார். அப்போது அவர் புகழ் உச்சத்தில் இருந்தது.

வருந்தத்தக்க பூசல்

புகழின் உச்சியிலேயே ஒரு பெருந்துயரும் நிகழ்ந்தது. அதே வீயன்னாக் கலாசாலையில் விசைநூற் பேராசிரியராயிருந்தவர் பால் ஃபில்லுங்கர் என்பார். அவரும் தெர்ஸாகியைப்போல 1883-இற் பிறந்தவரே. அணைகளின் சுவர்களில் ஊறும் நீர் அவற்றை மேல்நோக்கித் தூக்கும் விசையைக் குறித்து 1913 முதல் ஆராய்ந்தவர். நுண்துளைகளில் உள்ள நீரின் அமுக்கம் திண்பொருளின் வலிமையைப் பாதிப்பதில்லை என்பதைப் பரிசோதனையால் முந்திக் கண்டவருள் ஒருவர். தெர்ஸாகியின் கணக்குகளில் நியாயக் குறைவுகள் உள என்பது அவர் கருத்து. தொடக்கத்தில் அறிவுக் கருத்துவேற்றுமையாயிருந்தது நாளடைவில் மனக்கசப்பாக முற்றிற்று.

1936-இன் இறுதியில் ஃபில்லுங்கர் ஒரு சிறு நூலை வெளியிட்டுத் தெர்ஸாகியின் சாஸ்திரத்தையும் அவர் நேர்மையையும் ஒருங்கே தாக்கினார். கலாசாலையார் விசாரணைக் குழு ஒன்றை நியமித்தனர். தெர்ஸாகியும் அவருடன் நூல் எழுதிய ஃப்ரோலிக் என்னும் எஞ்சினீயரும் மறுப்பு வரைந்தனர். குழுவின் முடிவு ஃபில்லுங்கருக்கு மாறாக இருந்தது. 1937 மார்ச் மாதத்தில் ஃபில்லுங்கரும் அவர் மனைவியாரும் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டனர். வழக்கில் வென்றவர்க்கும் அவ்வெற்றி இன்பந் தருவதாக இருந்திராது.

காலஞ் சென்றபின் அறிஞர்கள் அச்சிறுநூலை அமைதியாகப் படித்துப் பார்த்தனர். சினச்சொற்களை நீக்கிவிட்டு நோக்கினால் அதனுள் ஓர் உயர்ந்த கருத்துப் புதைந்துகிடந்தது. திண்பொருளையும் நீரையும் ஒரே இடத்தை நிரப்பி நிற்கும் இரண்டு பொருள்களாகக் கொண்டு, ஒவ்வொன்றின் இயக்கத்திற்கும் தனித்தனிச் சமன்பாடு எழுதி, இரண்டும் ஒன்றையொன்று பற்றும் விசையையும் அவர் அதிற் சேர்த்திருந்தார். நுண்துளைப் பொருள்களைப்பற்றிய இக்காலக் கொள்கைக்கு அதுவும் ஒரு மூலம் என்று ஜெர்மானிய அறிஞர் ரைண்ட் டி போயர் தம் ஆராய்ச்சிகளில் எடுத்துக்காட்டினார். அதற்காகத் தெர்ஸாகியின் கொள்கை பிழையாயிற்று என்பதில்லை. உலகெங்கும் எஞ்சினீயர்கள் அதனையே இன்றும் கையாளுகின்றனர். உண்மை இருவர் கையிலும் பகுதி பகுதியாக இருந்தது. ஒருவர் கணிதத்தின் தூய்மையை நாடினார். மற்றவர் கண்முன் நிற்கும் கட்டடம் விழாதிருக்க வழி நாடினார். இருவரும் ஒரு மேசையின் இரு பக்கத்தும் அமர்ந்து பேசியிருப்பின், இரு குடும்பங்களுக்கும் அச்சாஸ்திரத்திற்கும் எவ்வளவு நன்மை விளைந்திருக்கும்!

பிற்கால வாழ்க்கை

1938-இல் ஹிட்லரின் ஆட்சி ஆஸ்திரியாவை விழுங்கிற்று. அவ்வாண்டில் தெர்ஸாகி அந்நாட்டை விட்டு நீங்கி ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சார்ந்தார். 1943-இல் அமெரிக்கப் பிரஜையானார். சிக்காகோ நகரின் மென்மையான களிமண்ணில் நிலத்தடி ரெயில்பாதைக்குச் சுரங்கம் தோண்டியபோது அவர் ஆலோசகராயிருந்தார். ரால்ஃப் பெக் என்னும் இளம் எஞ்சினீயர் அச்சுரங்கங்களில் அவர் விருப்பப்படி நாள்தோறும் அளவைகள் எடுத்துவந்தார். இருவரும் சேர்ந்து 1948-இல் வெளியிட்ட மண் விசையியல் நூல் தலைமுறை தலைமுறையாக எஞ்சினீயரிங் மாணவர்களாற் பயிலப்படுகின்றது.

முதுமை வளரவளரத் தெர்ஸாகி கணக்கைவிட நேரிற் காணுதலையே மிகுதியும் வற்புறுத்தினார். இயற்கை ஒழுங்காக அடுக்கிவைத்த மண் எங்கும் இல்லை. ஆதலின் கணக்கு ஒரு வழிகாட்டியே. வேலை நடக்குங்கால் நிலம் எவ்வாறு நடக்கிறது என்று இடைவிடாது அளந்து, வேண்டிய இடத்திற் திட்டத்தை மாற்றிக்கொள்ளவேண்டும் என்பது அவர் கொள்கை. தம் கருத்துக்கு இணங்காத இடத்தில் பதவிக்காக அவர் தங்குவதுமில்லை. எகிப்து தேசத்து அஸ்வான் பேரணையின் ஆலோசனைக் குழுத் தலைமையை 1959-இல் துறந்தது இதற்குச் சான்று. கனடாவில், அமுங்கும் களிமண் அடுக்கின்மேல் எழுப்பவேண்டியிருந்த மிஷன் அணைக்கு அவர் வழிவகுத்தார். அது 1965 முதல் தெர்ஸாகி அணை என்னும் பெயர் பூண்டு நிற்கின்றது. அமெரிக்க சிவில் எஞ்சினீயர் சங்கத்தாரின் நார்மன் பதக்கத்தை அவர் நான்கு முறை பெற்றார். 1963-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 25-ஆம் தேதி, எண்பது வயது நிரம்பிய சில நாட்களில், மாஸசூஸெட்ஸ் மாகாணத்து வின்செஸ்டர் என்னும் ஊரில் அவர் காலஞ் சென்றார்.

அவர் விதைத்த விதை

தெர்ஸாகியின் சமன்பாடு நீர் மேலுங் கீழுமாக ஒரு திசையில் மட்டும் வெளியேறும் நிலைமைக்கே பொருந்துவது. பெல்ஜிய நாட்டிற் பிறந்த மாரிஸ் பியோ என்னும் அறிஞர் அதனை நீளம், அகலம், உயரம் என்னும் முத்திசைக்கும் விரித்து 1941-இல் ஒரு முழுமையான கொள்கையாக ஆக்கினார். நீர் நிறைந்த நுண்துளைப் பொருள்களில் அதிர்ச்சி அலைகள் எவ்வாறு பரவும் என்பதையும் 1956-இல் அவர் வகுத்தார். அன்று தொடங்கி இக்கொள்கை களிமண்ணின் எல்லையைத் தாண்டிப் பல துறைகளிற் புகுந்துள்ளது. பூமியினடியிலுள்ள எண்ணெயையும் தண்ணீரையும் எடுக்குங்கால் நிலம் தாழ்வது இதனாற் கணிக்கப்படுகின்றது.

அம்மட்டோ! நம் முழங்காலுள் எலும்பின் நுனியைப் போர்த்திருக்கும் குருத்தெலும்பும் இத்தகைய பொருளே. அதன் எடையிற் பெரும்பகுதி நீர். நாம் காலை ஊன்றுங் கணத்தில் உடலின் பாரத்தை அந்நீரே முதலில் ஏற்று, நுண்ணிய நார்க்கட்டைச் சிதையாமற் காக்கின்றது. நெடுநேரம் நின்றால் நீர் சிறிது சிறிதாகக் கசிய, குருத்தெலும்பு சற்று மெலிகின்றது. படுத்து இளைப்பாறினால் நீரை மீட்டும் உண்டு பழைய நிலை எய்துகின்றது. ஒரு மாளிகையின் அஸ்திவாரமும் மனிதனுடைய முழங்காலும் ஒரே விதிக்கு அடங்கி நடக்கின்றன.

இவ்வளவும் தோன்றிய குன்றின்மேல் 1971 முதல் போகாசிச்சி என்னும் துருக்கிய சர்வகலாசாலை நடைபெற்று வருகின்றது. தெர்ஸாகியின் வாழ்க்கையினின்று நம் மாணவர் கொள்ளத்தக்கன இரண்டு. தம்மோடு மாறுபடுவார் கூற்றிலும் மெய் இருக்கக்கூடும் என்று பொறுமையோடு ஆராய்தல் ஒன்று. ஃபில்லுங்கரின் முடிவு அதனை நமக்கு என்றும் நினைவூட்டும். மற்றொன்று, பதவியும் நாடும் பொருளும் ஒருங்கே இழந்த காலத்திலும் அவர் தம் வினாவை இழக்கவில்லை என்பது. நம் ஆராய்ச்சிச் சாலையிற் கருவிகள் போதா என்று குறைகூறும் மாணவர் யாரேனும் உளராயின், அவர் பாஸ்பொரஸ் கரையில் ஓர் ஆசிரியர் அடுக்கிவைத்திருந்த அச்சுருட்டுப்பெட்டிகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.